பத்துப் பேரில் இரண்டு பேர்

அத்தியாயம் 11

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சார் ஒரு குழாயில் துப்பினார், குடும்பமே நடுங்கிப் போனது.

சார் என்பவர் வீட்டுக்கு மூத்த அண்ணன். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு, சொல்லிக்கொடுப்பதிலிருந்து அல்ல. கூடப்பிறந்தவர்களே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவியும் யாராவது போனில் கேட்டால், "சார் குளிக்கறார்" என்பாள். கடைசித் தங்கை ஒருத்திதான் இன்னும் 'அண்ணா' என்கிறாள். நாற்பத்தாறு வயதாகியும் அவள் அந்த வீட்டுக்குச் சின்னவள்.

அப்பா பிள்ளைகளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து சர்க்கரை வியாதி. அதைப் பங்கு பிரிப்பதில் மட்டும் எந்தச் சண்டையும் வரவில்லை. இந்தச் சொத்துக்கு மூலப் பத்திரம் தேடித்தான் சார் மரபணுப் பரிசோதனைக்கு எச்சிலை அனுப்பினார். நாற்பது பக்கத்தில் அறிக்கை வந்தது. சர்க்கரையோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு இருபது சதவீதம் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் கருதுகின்றன, உறுதியாகத் தெரியவில்லை.

இதில் 'கூடுதலாக', 'இருக்கலாம்', 'சில', 'உறுதியாகத் தெரியவில்லை' எதுவும் சார் கண்ணில் படவில்லை. இருபது மட்டும் பட்டது. முதல் பக்கத்தில் 'பெண்' என்று இருந்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'ஆண்' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அடுத்தவன் பிழையைத் திருத்தாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பிறகு கணக்குப் போட்டார். கூடப்பிறந்தவர்கள் ஐந்து, சித்தப்பா பிள்ளைகள் ஐந்து, ஆக ஒரே ரத்தம் பத்துப் பேர். பத்தில் இருபது சதவீதம் இரண்டு. எனவே இந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கேன்சர். நடு அக்கா கணையத்தில் வந்து இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் ஒரு இடம்.

அந்த ஒரு இடம் யாருக்கு என்று ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் சின்னவளின் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு வருகிறது.

●

சின்னவள் வைத்திருப்பது ஆல்ட்டரேஷன் கடை. புதுத்துணி தைப்பதில்லை. பெரிசைச் சின்னதாக்குவாள், சின்னதைப் பெரிசாக்குவாள், ஜிப் மாற்றுவாள். சார் முதன்முதலில் 'ஜீன்' என்று ஆரம்பித்தபோது கால் மடித்து அடிக்க ஜீன்ஸ் பேன்ட் ஏதோ கொண்டுவருகிறார் என்றுதான் நினைத்தாள்.

இன்று ஒன்பது மணிக்கு அவர் கொண்டுவந்தது மூன்று பேன்ட்.

"இடுப்பு பிடிச்சுக் குடு. மூணுக்கும்."

"போன மாசம்தானே பிடிச்சேன், அண்ணா?"

"அதான் கட்டுப்பாடுங்கறது! ஜீனாவது ஒண்ணாவது. மனுஷன் மனசு வெச்சா ஜீன் என்ன பண்ணும்? வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடும்."

சின்னவள் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். முப்பத்திநாலு. அளவு நோட்டைப் புரட்டினாள். நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தாறு, இன்றைக்கு முப்பத்திநாலு. இறங்குவரிசையில் எழுதச் சொன்ன கணக்குப் போல இருந்தது.

"நாலு மாசத்துல ஆறு இன்ச் போயிருக்கு."

"உன் வாயிலேர்ந்து ஒரு பாராட்டு வருதா பாரு."

"சாப்பாட்டை ரொம்பக் குறைச்சிட்டீங்களோ?"

"எங்க குறைச்சேன்? முன்னைவிட நல்லாவே சாப்பிடறேன். அப்பவும் இளைக்குதுன்னா பாத்துக்கோ." மேசை மேல் இருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து, கேட்காமலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நாக்கு ஒட்டுது. வெயில்."

வெளியே மேகமூட்டமாக இருந்தது.

"சுகர் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம் ஏத்தமா காட்டுது. மீட்டர் பழசு." பேச்சை அங்கேயே நறுக்கினார். "உனக்கு இன்னைக்கு ரிசல்ட் இல்ல? தைரியமா இரு. நம்ம வீட்ல யாராவது ஒருத்தர் தாங்கித்தானே ஆகணும்? உனக்கு மனோபலம் ஜாஸ்தி. அதான் உங்கிட்ட வந்திருக்கு."

பரிசளிப்பு விழாவில் கோப்பையைக் கையில் கொடுப்பது போலச் சொன்னார். தோளில் ஒரு தட்டும் தட்டினார். சின்னவள் டேப்பைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டாள்.

அவர் போனபிறகு பேன்ட்டுகளை எடுத்தாள். எந்தத் துணியும் மெஷினுக்குப் போகுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். ஊசி உடைந்தால் யார் பதில் சொல்வது? இரண்டாவது பேன்ட்டின் பின்பக்கப் பையில் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. சாரின் சர்க்கரை டாக்டர் எழுதிய சீட்டு. 'எடை இழப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லை. வயிறு ஸ்கேன். அவசரம்.' தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது.

பின்பக்கம் திருப்பினாள். பேன்ட் சொந்தக்காரரின் அழகான கையெழுத்தில் ஒரு கணக்கு இருந்தது. பத்து, பெருக்கல் இருபது, வகுத்தல் நூறு, விடை இரண்டு. அதன் கீழே: 'ந.அ. – 1. சி. – 1.' பக்கத்தில் பெரிதாக ஒரு டிக்.

'ந.அ.' நடு அக்கா. 'சி.' யார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. தான்தான் என்று புரிந்தபிறகு காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

●

"ஒண்ணுமில்ல. சாதாரண நார்க்கட்டி," என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசம் கழிச்சு ஒருதடவை வந்து காட்டிட்டுப் போங்க. போதும்."

சின்னவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். இளைத்த கதை, தண்ணீர் குடித்த கதை, இருபது சதவீதக் கதை எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டரம்மா கணக்குப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இவர் கணக்கு வாத்தியாரா?"

"முப்பத்தாறு வருஷம்."

"பாவம் பசங்க." சீட்டைத் திருப்பி வைத்தார். "இங்க பாருங்க. இருபது சதவீதம் கூடுதல்னா நூறுல இருபது பேர்னு அர்த்தமில்ல. சும்மாவே நூறு பேர்ல ஒருத்தருக்கு வர்ற வியாதின்னு வெச்சுக்குங்க. அது ஒண்ணே கால்கூட ஆகாது, ஒண்ணும் கொஞ்சமும் ஆகும். அதுவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். சர்க்கரைக்கான ஜீன் சிலது ஒரு கேன்சரைக் கொஞ்சம் ஏத்துது, இன்னொண்ணைக் கொஞ்சம் இறக்கக்கூடச் செய்யுது. ஜீன் நேரா செய்யுதா, உடம்புல இன்சுலின் ஏறிக் கிடக்கறதால வருதா, எடையாலயான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. அப்புறம் ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குச் செல்லாது. கூடப்பிறந்தவங்களுக்குள்ளேயே ஜீன் மாறும்."

"அப்போ ரெண்டு இடம், ஒரு இடம்லாம்..."

"இடமா? இது என்ன பஸ்ஸா? ஒருத்தர் உக்காந்துட்டா இன்னொருத்தர் நிக்கறதுக்கு?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை.

"ஜீனை விடுங்க. அவர் பேன்ட்டைப் பாருங்க. அது நிறையச் சொல்லுது. இந்த வயசுல நல்லாச் சாப்பிட்டும் இளைக்கறார், அதே சமயம் சர்க்கரையும் ஏறுதுன்னா கணையத்தை ஒரு தடவை பாத்துடணும். கூடப்பிறந்தவங்க ஒருத்தர் அதிலயே போயிருக்காங்க வேற. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம், வெறும் சர்க்கரையாலயே இளைக்கலாம். ஆனா ஆறு வாரம் சும்மா உக்காந்திருக்கற விஷயம் இல்ல இது. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

●

சாயந்திரம் ஐந்து மணிக்கு சார் வீட்டு ஹாலில் கூட்டம். அறிக்கை வந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கூட்டம்தான். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் பத்துக் கட்டம். நடு அக்காவின் கட்டத்தில் பெருக்கல் குறி. சின்னவளின் கட்டத்தில் பென்சிலால் மெல்லியதாக இன்னொன்று. முடிவு வராமல் பேனாவால் போட மாட்டார், அவ்வளவு நேர்மை.

சின்னவள் செருப்பைக் கழற்றும்போதே பெரியக்கா எழுந்து வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருடம் டோக்கன் கொடுத்தவள். அதனால் குடும்பத்தில் மருத்துவம் அவள் துறை.

"உக்காரு. தண்ணி குடி. எந்த ஸ்டேஜ்?"

"ஒண்ணுமில்லக்கா. சாதாரணக் கட்டியாம்."

மனிதர்கள் கெட்ட செய்திக்கு எப்படி முகம் வைத்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல செய்திக்கு ஒத்திகை இல்லை. பெரியக்காவின் முகத்தில் ஏறிய அனுதாபம் இறங்க வழி தெரியாமல் கன்னத்திலேயே நின்றது. சோபாவில் இருந்த சின்னண்ணன் எச்சில் விழுங்கினான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவனுக்குப் பெயரே 'பிரேக்'. இப்போதும் வலது கால் தரையில் எதையோ அழுத்தியது.

"சந்தோஷம்," என்றான் பிரேக். "ரொம்ப சந்தோஷம்." பிறகு, "அப்போ... அந்த ஒரு இடம்?" என்றான்.

சின்னவள் அவனையே பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்.

"நம்ம கையில என்ன இருக்கு, நான் சும்மா கேட்டேன்," என்று அவன் பலகையைப் பார்த்தான்.

"அவசரப்படக் கூடாது," என்று எழுந்தார் சார். "இந்த மாதிரி டெஸ்ட்லலாம் தப்பு வரும். துணுக்கு எடுத்த இடம் சரியில்லாம இருக்கலாம். நீ இன்னொரு இடத்துல காட்டு."

"எதுக்கு?"

"உறுதி பண்ணிக்கத்தான்."

"எதை உறுதி பண்ணிக்க, அண்ணா? எனக்கு இருக்குன்னா?"

"சேச்சே. என்ன பேச்சு இது! நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"ஆமா சின்னவளே," என்றாள் பெரியக்கா. "சார் சொன்னா ஒரு கணக்கு இருக்கும்."

சின்னவள் பையிலிருந்து சீட்டை எடுத்து, பிரித்து, மேசையில் போட்டாள்.

"கணக்கு இதோ இருக்கு. எல்லாரும் படிங்க. அவசரம்னு டாக்டர் எழுதி ஆறு வாரம் ஆகுது. இவர் அதைப் பின்பாக்கெட்ல போட்டு, அதுமேலயே உக்காந்திருக்கார். நான் ஒருத்தி இருக்கேன்ல, இடத்தை அடைக்க!"

சார் சீட்டைப் படிக்கவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்தவங்க பாக்கெட்ல கை விடறது நாகரிகம் இல்ல," என்றார்.

சின்னவள் சமையலறைக்குப் போனாள்.

●

அண்ணி சிங்க் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய டம்ளர்களைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு," என்றாள். "அவர் ராத்திரில ஆறு தடவை எழுந்திரிக்கறார். முதுகு வலின்னு சுருண்டு படுக்கறார். ஸ்கேன்னு நான் வாயைத் திறந்தா அந்தப் பலகையைக் காட்டறார்."

"அண்ணி, அந்த ரிப்போர்ட்டையே அவர் தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்கார். டாக்டர் சொன்னாங்க..."

"ரிப்போர்ட்டே அவரோடது இல்ல."

சின்னவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

அண்ணி குழாயை மூடினாள். "அந்தக் குழாயில ஒரு கோடு இருக்கும். அதுவரைக்கும் எச்சில் ரொம்பணும். இவருக்கு வாய் காஞ்சு கிடக்கு. அரை மணி நேரம் காறிக் காறிப் பாத்தார். நுரைதான் வந்துச்சு. 'மூடி அனுப்பிடு'ன்னு வெச்சுட்டுப் போயிட்டார். நான் மூடி போடறப்ப கை தவறி வாஷ்பேசின்ல கவுந்துடுச்சு. போய்ச் சொன்னா என்ன ஆகும்? ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். அதான்..."

"அதான்?"

"கழுவிட்டு, நானே துப்பி அனுப்பிட்டேன். முப்பத்திமூணு வருஷமா இவர் பாதியில விட்டதையெல்லாம் நான்தானே ரொப்பிட்டு இருக்கேன்? இதையும் ரொப்பினேன்."

பெண் என்று அச்சானது அச்சுப்பிழை இல்லை. அந்த நாற்பது பக்கத்தில் சரியாக இருந்த ஒரே விஷயத்தைத்தான் சார் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

ஒரு வாஷ்பேசினில் கொட்டிய எச்சில். அதற்குப் பதில் ஊற்றிய எச்சில். அதை நடுவில் வைத்து ஒன்பது பேர் மூன்று வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்கள். யார் சாவது என்று பங்கு போட்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. குளிக்க வேண்டும் போலிருந்தது.

"வாங்க. வந்து சொல்லுங்க," என்று அண்ணியின் ஈரக்கையைப் பிடித்தாள்.

"நானா? எல்லார் எதிர்லயுமா?"

"சொல்லலைன்னா அவர் பலகையைப் பாத்துக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவார்."

●

அண்ணி சொன்னாள். நாலே வாக்கியம், தலையைக் குனிந்தபடி.

முதலில் விழித்துக்கொண்டது பிரேக். "அப்போ நம்ம ரத்தத்துல அது இல்லவே இல்லியா?" என்று சோபாவிலிருந்து எழுந்தேவிட்டான்.

"இருக்கா இல்லியான்னே யாரும் பாக்கலைன்னு அர்த்தம்," என்றாள் சின்னவள்.

அது யார் காதிலும் ஏறவில்லை. பெரியக்கா மூன்று வாரமாகக் கட்டிவைத்திருந்த மூச்சை விட்டாள். பிரேக் உடனே போனை எடுத்துச் சித்தப்பா பிள்ளைகளுக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தான். "நம்ம பக்கம் கிளியர்டா! எல்லாம் அண்ணி பக்கம்தான்!"

அடுத்து நடந்ததைத்தான் சின்னவளால் பார்க்க முடியவில்லை. பெரியக்கா அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் சார் தட்டிய மாதிரியே, தோளைத் தட்டினாள்.

"தைரியமா இரு. உனக்கு மனோபலம் ஜாஸ்தி."

மூன்று வாரமாக ஊர்வலம் போன பாடையை யார் வாசலில் இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவள் வாசலைக் கண்டதும் சட்டென்று இறக்கிவிட்டார்கள். 'அண்ணி கையால சாப்பிடாம எனக்கு வயிறு நிறையாது' என்று சொன்ன வாய்கள்தான் எல்லாம்.

சார் மட்டும் சிவப்புப் பேனாவால் திருத்திய அந்த முதல் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருட வாத்தியார் வாழ்வுக்குப் பிறகு முதல்முறையாக மனிதர் தன் தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று சின்னவள் நினைத்தாள். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

சார் தொண்டையைச் செருமினார்.

"ஆக, இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன?" குரல் வகுப்பறைக்குப் போய்விட்டது. "எனக்கு அந்த மாற்றம் இல்லை. மாற்றம் இல்லைன்னா ஆபத்து இல்லை. ஆபத்து இல்லைன்னா ஸ்கேன் தேவையில்லை. நிரூபிக்கப்பட்டது."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நாலாகக் கிழித்து, மேசையில் வைத்தார்.

சின்னவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜீன் இருந்தால் இடம் அடைபட்டுவிட்டது, அதனால் ஸ்கேன் வேண்டாம். ஜீன் இல்லாவிட்டால் இடமே இல்லை, அதனாலும் ஸ்கேன் வேண்டாம். எந்தப் பக்கம் உருட்டினாலும் ஒரே விடை வருகிற கணக்கை இந்த மனிதரிடம்தான் படிக்க வேண்டும். "அண்ணா, உங்களுக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க!" என்றாள். "அதுக்கு எதுக்கு இத்தனை பேரைப் பலி குடுக்கறீங்க?"

"பயமா? எனக்கா?"

அப்போதுதான் அண்ணி நிமிர்ந்தாள். கிழிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மேசைமேல் பொருத்தி வைத்தாள்.

"சரிங்க. உங்களுக்கு வேண்டாம்," என்றாள் சாந்தமாக. "ஜீன் எனக்குத்தானே இருக்கு? அப்போ ஸ்கேன் எனக்குத்தான் எடுக்கணும். நாளைக்குப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு நீங்க வரணும்."

சாரின் முதுகு நிமிர்ந்தது. துணைக்கு வருவது வேறு விஷயம். அதில் தலைமை இருக்கிறது.

"கட்டாயம் வரேன். பயப்படாதே. நான் இருக்கேன்ல? பக்கத்திலேயே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கறேன்."

"வெறும் வயித்துல வரணுமாம். நீங்களும் சாப்பிடாம வாங்க. நான் மட்டும் பட்டினி கிடந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அதுக்கென்ன, வரேன்."

அண்ணி சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணடிக்கவில்லை, சிரிக்கவில்லை. முப்பத்திமூன்று வருடம் ஒரே மனிதரைப் படித்தவளின் பார்வை அது.

சின்னவள் போனை எடுத்து ஸ்கேன் சென்டரைக் கூப்பிட்டாள். ஹாலில் பிரேக் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல வயிறு ஸ்கேனுக்கு டோக்கன் வேணும். ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேர்," என்று திருப்பிச் சொன்னது அந்தப் பக்கத்துப் பெண் குரல். ஒரு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது. அண்ணியின் வயதையும் எழுதிக்கொண்டது. "ரெண்டாவது ஆள் யாருங்க? ஆணா, பெண்ணா?"

சின்னவள் தலையைத் தூக்கினாள்.

நாலு அடி தூரத்தில் சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தில் வாத்தியார் இல்லை. கையை நீட்டி, போனைக் கேட்டார்.